மொட்டை மாடியில் கரி கிரில்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

2021 டிசம்பரில் வாங்கிய கரி கிரில் ஒன்றைச் சென்னைத் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 45 சென்டிமீட்டர் குறுக்களவும், உருண்டை வடிவமும், கவிழ்த்து மூடும் மூடியும் கொண்டது. அடியில் ஒன்றும் மூடியில் ஒன்றுமாகத் திறந்து மூடக்கூடிய இரண்டு காற்றுத் துளைகள் இருக்கின்றன. மழைக்காலம் நீங்கலாக மாதத்துக்கு இரண்டு முறையாவது ஐந்து பேருக்கான இரவுச் சாப்பாடு இதில்தான் ஆகிறது. ஆனால் வாங்கிய முதல் மாதத்தில் நான்கு முறை சமைத்து, நான்கு முறையும் வெளியே கருகி எலும்பருகே சிவந்திருந்த கோழியை மீண்டும் காஸ் அடுப்பில் ஏற்றினேன். மசாலாவை மாற்றினேன், கறியை இன்னும் மெல்லியதாக வெட்டினேன், எதுவும் உதவவில்லை. தவறு காற்றில் இருந்தது என்பதை எடுத்துச் சொன்னவர் என் அம்மா.

அவர் கிரில்லின் அடித்துளையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம குமுட்டி அடுப்புதான்டா. அதுக்கு வாய் எப்பவும் தொறந்திருக்கும், இதுக்கு மூடி வெச்சிருக்கான், அவ்ளோதான்" என்றார். குமுட்டி என்பது வீடுகளில் இருந்த பழைய கரியடுப்பு. கரியின் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அதற்குக் கிடைக்கும் காற்றைப் பொறுத்தது. குமுட்டியின் வாய்க்கு எதிரே விசிறியை வைத்துக்கொண்டு அந்தத் தலைமுறைப் பெண்கள் செய்த வேலையை இங்கே இரண்டு தகடுகள் செய்கின்றன. இந்த உருண்டை வடிவம் பிறந்த கதையும் காற்றைப் பற்றியதுதான். ஷிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீபன், திறந்த அடுப்பில் காற்றும் புகையும் படுத்திய பாட்டைப் பொறுக்க முடியாமல், அந்தப் பட்டறையில் செய்துவந்த, ஏரியில் மிதக்கவிடும் உருண்டையான உலோக மிதவையை இரண்டாக வெட்டி 1952-ல் முதல் கிரில்லை உருவாக்கினார். காசிமேட்டுத் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பாத்திரத்தின் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

கரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் பணத்தை வீணாக்கும் இடம் இதுதான். கடைகளில் அழகிய பெட்டியில் வரும் 'உடனே பற்றும்' கரியில் எரிபொருள் கலந்திருக்கும். அது முழுவதும் எரிந்து தீருமுன் உணவை வைத்தால் வாடை ஏறிவிடும். நான் வாங்குவது சாதாரண அடுப்புக்கரி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேல மரத்தைச் சுட்டுச் செய்யும் கரி அது. எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன், சுற்றியுள்ளவர்கள் பலரும் காஸ் இஸ்திரிப் பெட்டிக்கு மாறிய பிறகும் கரிப் பெட்டியை விடாதவர். அவர் இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். "கண்ணாடி வளையல் மாதிரி சத்தம் வரணும் தம்பி. மொத்து மொத்துனு கேட்டா தண்ணி குடிச்ச கரி" என்றார். அன்றிலிருந்து தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. ஈரக் கரி பற்றுவதற்கு நேரம் எடுப்பதோடு, படபடவென்று வெடித்துப் பொறியும் தெறிக்கும். மூட்டையின் அடியில் சேரும் தூளையும் சலித்து ஒதுக்கிவிட வேண்டும். அது துண்டுகளுக்கு நடுவே இறங்கிக் காற்று வழியை அடைத்துவிடும். கொட்டாங்குச்சிக் கரியை அச்சில் அழுத்திச் செய்த கட்டிகள் மெதுவாகப் பற்றும், ஆனால் ஒரே சீரான சூட்டில் நெடுநேரம் நிற்கும். முழுக் கோழி செய்யும் நாளில் மட்டும் அவற்றைக் கலந்துகொள்கிறேன். எங்கள் ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோ கரி போதுகிறது.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். முதல் நாள் நான் அதைத்தான் செய்தேன். கோழி முழுவதும் மண்ணெண்ணெய் நாற்றம். எரிகிற கரியின் மேல் ஊற்றுவதோ உயிருக்கே ஆபத்து. இப்போது என்னிடம் இருப்பது ஒரு முழ உயரமுள்ள இரும்பு உருளை. அதன் நடுவே கம்பித் தட்டு, அடியில் துளைகள், பக்கவாட்டில் ஒரு பிடி. கீழே இரண்டு செய்தித்தாள்களைக் கசக்கி, நாலைந்து கொட்டாங்குச்சிச் சில்லுகளோடு வைத்து, மேலே கரியை நிரப்பிக் கொளுத்தினால், சூடான காற்று மேலே இழுக்க, குளிர்ந்த காற்று அடியிலிருந்து தானாக ஏறுகிறது. விசிற வேண்டியதே இல்லை. இதை அருகிலுள்ள வெல்டிங் கடையில் செய்து வாங்கினேன். நீங்களும் செய்யச் சொன்னால், துத்தநாகம் பூசிய தகட்டில் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்; கடுஞ்சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை உடலுக்குக் கெடுதல்.

பற்றிய பிறகு காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். சுவாலை எழும்போது அடுப்பு தயாராகிவிட்டது என்று கண் சொல்லும். ஆனால் கரி மொத்தமும் மேலே சாம்பல் போர்த்து உள்ளே செந்தணலாக, பேச்சுவழக்கில் நாம் சொல்கிற நீறு பூத்த நெருப்பாக ஆகும் வரை, 20 முதல் 30 நிமிடங்கள், எதையும் வைக்கக் கூடாது. கரிப்புச் சுவை தரும் புகையெல்லாம் அதற்குள் போய்விடும். அதன்பின் தணலைக் கிரில்லில் கொட்டி, உணவு வைக்கும் கம்பித் தட்டைப் போட்டு, அதற்கு மேல் அரைச் சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிகளில் கையை இழுக்க வேண்டியிருந்தால் கடுஞ்சூடு, ஐந்தாறு நொடிகள் தாங்கினால் நடுத்தரம், எட்டு பத்து நொடிகள் தாங்கினால் மெல்லிய சூடு.

இனி நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது: தணலைக் கிரில் முழுவதும் பரப்பாதீர்கள். ஒரு பாதியில் குவித்து, மறு பாதியைத் தணலே இல்லாமல் வெறுமையாக விடுங்கள். என் முதல் நான்கு கோழிகளும் வீணானது காற்றோடு சேர்த்து இதுவும் தெரியாததால்தான். தணலுக்கு நேர் மேலே இருக்கும் தொடையிலிருந்து கொழுப்பு சொட்டும், தணல் சுவாலையாக எழும், தோல் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். வெறுமையான பக்கத்தில் எலும்போடு கூடிய தொடைத் துண்டுகளை அடுக்கி மூடியைப் போட்டுவிட்டால், கிரில் ஒரு 'அவன்' (oven) அடுப்பாகிவிடுகிறது. 35 முதல் 45 நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும். கடைசி நாலைந்து நிமிடங்கள் மட்டும் தணல் பக்கம் நகர்த்தித் தோலை மொறுமொறுப்பாக்கினால் போதும். வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், மசாலாவின் சிவப்பு ஏமாற்றிவிடும். உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, எலும்பில் படாமல் தசையின் நடுவே குத்திப் பாருங்கள். கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். கடையில் ஆயத்தமாக வாங்கிய துணைக்கருவிகளில் உண்மையில் பயன்பட்டது இது ஒன்றுதான். மசாலாவில் சர்க்கரையோ தேனோ சேர்ப்பதாக இருந்தால் இறக்கும் தறுவாயில் பூசுங்கள், முன்னரே பூசினால் கரியாகிவிடும்.

காற்றுத் துளைகளுக்கு வருகிறேன். கோடையில் நண்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று எங்கள் பகுதிக்குக் கிடைத்த பேறு, ஆனால் கிரில் போடுபவருக்கு அது சோதனை. இரண்டு துளைகளையும் முழுதாகத் திறந்துவைத்த நாட்களில் கரி இரைந்து எரிந்து அரை மணியில் தீர்ந்துபோனது. இப்போது கிழக்குக் கைப்பிடிச் சுவரின் மறைவில் கிரில்லை வைத்து, காற்று பலமாக இருந்தால் அடித்துளையை முக்கால் பங்கு மூடிவிடுகிறேன். மூடியின் துளையைச் சமைக்கும்போது ஒருபோதும் மூடுவதில்லை. புகை உள்ளேயே தங்கினால் உணவில் கசப்பு படியும். அந்தத் துளை தணலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி மூடியைத் திருப்பி வைத்தால், சூடும் புகையும் உணவின் மேலாகக் கடந்து வெளியேறும். மூடியை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடு வெளியே போவதோடு, புதுக் காற்று பட்டுத் தணல் மூர்க்கமாகிறது.

மீன் இந்த அடுப்பின் மகுடம். ஆனால் கோழி கைவந்த பிறகு மீனுக்குப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். கம்பியில் ஒட்டிப் பிய்ந்துபோகும் மீனைப் போல மனதைச் சோர வைப்பது வேறெதுவும் இல்லை. கம்பி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், முந்தைய சமையலின் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது, மீனின் மேற்பரப்பில் ஈரம் இருக்கக் கூடாது. எண்ணெயைக் கம்பியில் ஊற்றாமல் மீனில் தடவ வேண்டும். வைத்த பிறகு தொடக் கூடாது. காசிமேட்டில் வாங்கிய உள்ளங்கை அளவுச் சங்கராவை முதன்முதலில் சரியாகச் சுட்ட நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓரம் வெள்ளையாகி, கண் பால்போல் மாறி, ஐந்தாவது நிமிடத்தில் தோசைக் கரண்டியை அடியில் நுழைத்தபோது மீன் தானாகவே கம்பியை விட்டு எழுந்தது. அதன் தோலில் கம்பியின் கோடுகள் வரிவரியாக விழுந்திருந்தன. மீன் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும் என்று பொருள். அங்கே மீன் விற்கும் அக்கா ஒருவர் சொன்ன வழி இன்னும் எளிது. "கொடலை மட்டும் எடுத்துத் தரேன் கண்ணு, செதிலு இருக்கட்டும், அப்படியே சுடு" என்றார். செதிலோடு கல்லுப்பு தடவிச் சுட்டு, வெந்ததும் தோலை ஒரே போர்வையாக உரித்தெடுத்தால், உள்ளே சதை சாறு வற்றாமல் இருக்கிறது. வஞ்சிரத்தை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். மெல்லிய துண்டு காய்ந்துவிடும். இறாலுக்குப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம், கடம்பாவுக்கு (கணவாய்) மொத்தமே மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் ரப்பர்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக் காலத்தில் நாங்கள் கோழிக்கும் காய்கறிக்கும் திரும்பிவிடுவோம். கத்திரிக்காயை முழுதாகச் சுட்டு அரைக்கும் துவையலும், மெரினாவில் செய்வதுபோல எலுமிச்சைத் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்த்த சோளமும் அப்போது கைகொடுக்கும்.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றை எண்ணிச் செய்யப்பட்ட பொருளல்ல இது. பளபளவென்று வந்த கம்பித் தட்டின் முலாம் முதல் ஆண்டிலேயே உரியத் தொடங்கியது. உரிந்த துகள்கள் உணவில் சேரக்கூடும் என்பதால் அதை எறிந்துவிட்டு, அதே வெல்டிங் கடையில் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் புதிது செய்து போட்டேன். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. சாம்பல் தட்டு இரண்டாம் மழைக்காலத்தில் துருவேறி ஓட்டையானது. விற்ற நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதியும் மாற்றுத் தட்டு வரவில்லை. எனாமல் பூசிய உடலும் மூடியும் மட்டும் நன்றாக உழைக்கின்றன. கடலோரத்தில் இருப்பவர்கள் எனாமல் பூச்சு உள்ளதைத்தான் வாங்க வேண்டும். சாயம் மட்டும் அடித்த தகடு இங்கே தாங்காது.

பாதுகாப்பில் ஒன்றைக் கும்பிட்டுக் கேட்கிறேன். 2022 நவம்பரில் சமையலின் நடுவே மழை பிடித்துக்கொள்ள, கிரில்லை மாடிப்படி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். பத்து நிமிடத்தில் அம்மாவுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. வெளியே வந்து நல்ல காற்றுப் பட்ட பிறகே தெளிந்தார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகையே தெரியாத தணலும் அதை வெளிவிடும். மழை வந்தால் உணவை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள், கிரில் நனையட்டும். மாடியில் வடகமோ துணியோ காய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையோடு ஏற்கெனவே வாழும் பகுதி இது. அக்கம்பக்கத்தாருக்கு நம் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அதனால் புகை அடங்காத கரியோடு நான் சமைப்பதில்லை.

உணவை இறக்கியதும் நாலைந்து சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைத் தணலின் ஓரச் சாம்பலில் புதைத்து மூடிவிட்டுச் சாப்பிட உட்காருகிறோம். கை கழுவும் நேரத்துக்குள் அவை பாகாக வெந்திருக்கும். கிழங்கை எடுத்த பிறகு இரண்டு துளைகளையும் முழுதாக மூடுவேன். காற்றின்றித் தணல் அணைந்து, மீந்த கரி அடுத்த முறைக்கு ஆகும். முன்பு விறகுத் தணலில் தண்ணீர் தெளித்து அணைத்துக் குமுட்டிக்கு எடுத்துவைத்த அதே வேலையை, இங்கே தண்ணீர் இல்லாமல் செய்துகொள்ளலாம். சாம்பல் ஒரு முழு நாளுக்குப் பிறகும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கக் கூடும் என்பதால், மூடியுள்ள இரும்பு வாளியில் இரண்டு நாள் வைத்திருந்து, கையால் தொட்டுப் பார்த்த பிறகே குப்பையில் சேர்க்கிறேன்.