எல்டிஎஸ்சி, ஹெச்டிஎல், லாவா, மிக்ஸர், கோலாக்: இரண்டு நோய்களின் மரபணு உறவைத் தேட எதை ஓட்டுவது?

இரண்டு நோய்களுக்கான ஜீவாஸ் (மரபணுத்தொகுதி முழுக்க நோயோடு தொடர்புள்ள டிஎன்ஏ மாறுபாடுகளைத் தேடும் ஆய்வு) முடிவுகள் கையில் இருக்கின்றன, இரண்டுக்கும் பொதுவான மரபணு அடிப்படை உண்டா என்று பார்க்க வேண்டும், எந்த மென்பொருள்? யாரைக் கேட்டாலும் "எல்டிஎஸ்சி ஓட்டு" என்பார்கள். தொடங்குவதற்குச் சரியான பதில்தான். ஆனால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், அதில்தான் எனக்கு வருத்தம். மரபணுத்தொகுதி முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் இரண்டு நோய்களின் அபாயமும் ஒரே திசையில் போகிறதா என்பது ஒரு கேள்வி. எந்தப் பகுதியில் உறவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. அந்தப் பகுதியில் இரண்டையும் தூண்டுவது ஒரே மாறுபாடுதானா என்பது முற்றிலும் வேறு.

முதல் கேள்விக்கு முன்பெல்லாம் ஜிசிடிஏ என்ற மென்பொருள்தான் வழி. ஒவ்வொரு நபரின் மரபணுத் தரவும் வேண்டும், நபருக்கு நபர் மரபணு ஒற்றுமையைக் கணக்கிட்டு ஒரு பெரிய அணி கட்ட வேண்டும், நினைவகம் மளமளவென்று தீரும். 2013-இல் ஸ்கிசோஃப்ரீனியாவுக்கும் இருதுருவக் கோளாறுக்கும் இடையே 0.68 என்ற மரபியல் தொடர்பு கிடைத்தது இந்த வகைக் கணக்கில்தான். தனிநபர் தரவு உங்களிடமே இருந்தால் இன்றைக்கும் இது துல்லியமான வழி. ஆனால் பெரும்பாலானோருக்கு அந்தத் தரவு கைக்கு வராது, ஒப்புதல் விதிகள் இடம் தராது.

2015-இல் வந்த எல்டிஎஸ்சி இந்தத் தடையை உடைத்தது. சுருக்கப் புள்ளிவிவரம் (ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் ஆய்வு தந்த மொத்த முடிவு) மட்டும் போதும். ஒரு ஸ்னிப் (ஓரெழுத்து டிஎன்ஏ மாறுபாடு) தன்னைச் சுற்றியுள்ள எத்தனை ஸ்னிப்களோடு சேர்ந்து கடத்தப்படுகிறது என்பதுதான் அதன் எல்டி ஸ்கோர்; இப்படிச் சேர்ந்து கடத்தப்படுவதன் பெயர்தான் எல்டி. அந்த ஸ்கோர் கூடக் கூட, இரண்டு நோய்களின் இசட் மதிப்புகளை (விளைவை அதன் பிழையால் வகுத்த எண்கள்) பெருக்கிவரும் எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறது, அந்தச் சாய்விலிருந்து மரபியல் தொடர்பு கிடைக்கிறது. இரண்டு ஆய்விலும் அதே ஆட்கள் கலந்திருந்தால் அது வெட்டுத்துண்டில் (ஸ்கோர் பூஜ்யமாகும் இடத்தில் கோடு காட்டும் மதிப்பு) போய்ச் சேர்ந்துவிடும், சாய்வைக் கெடுக்காது. அழகான யோசனை! அதே ஆண்டில் 24 பண்புகளையும் நோய்களையும் எடுத்து 276 ஜோடிகளையும் அலசினார்கள்; அனோரெக்சியாவுக்கும் ஸ்கிசோஃப்ரீனியாவுக்கும் இடையே நேர்மறைத் தொடர்பு இருப்பது அதில் தெரிந்தது.

ஓட்டும்போது கவனிக்க வேண்டிய இடம் அல்லீல் நெடுவரிசை. ஒரு ஸ்னிப்பில் வரக்கூடிய எழுத்துகள்தான் அல்லீல்கள்; விளைவு எந்த எழுத்துக்குக் கணக்கிடப்பட்டதோ அது விளைவு அல்லீல். ஒரு கோப்பில் முதல் அல்லீல் விளைவு அல்லீலாக இருக்கும், இன்னொன்றில் இரண்டாவது. மாற்றிக் கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, தொடர்பின் குறி மட்டும் தலைகீழாகும், 0.4 வர வேண்டிய இடத்தில் -0.4 வந்து உட்காரும், அதற்கும் யாராவது உயிரியல் விளக்கம் எழுதிவிடுவார்கள். அதனால் திசை நன்றாகத் தெரிந்த ஒரு பண்போடு ஒவ்வொரு கோப்பையும் முதலில் ஓட்டிப் பாருங்கள். உதாரணமாக, இதயத் தமனி நோய்க் கோப்பு கெட்ட கொழுப்போடு நேர்மறையாக வர வேண்டும். அப்புறம், மூல நிரல் பைத்தான் 2-க்கு எழுதப்பட்டது, அதற்கென்று தனிச் சூழல் அமைத்துக்கொள்வதே நிம்மதி.

ஹெச்டிஎல் (கொழுப்பு அல்ல, மென்பொருள்) 2020-இல் வந்தது, கேட்பது எல்டிஎஸ்சி கேட்கும் அதே கேள்வியைத்தான். ஸ்னிப்களுக்கு இடையிலான முழு எல்டி அணியையும் பயன்படுத்துவதால், மதிப்பீட்டின் சிதறல் (வேரியன்ஸ்) சுமார் 60 சதவீதம் குறைகிறது என்று உருவாக்கியவர்கள் காட்டினார்கள். மாதிரி அளவை இரண்டரை மடங்கு கூட்டியதற்குச் சமம். ஆனால் அந்த எல்டி அணியைக் கணக்கிட்ட ஒப்பீட்டுத் தொகுப்பிலுள்ள ஸ்னிப்கள் உங்கள் கோப்பில் நிறைய விடுபட்டிருந்தாலோ, மக்கள்தொகை பொருந்தாமல் போனாலோ அதிகம் அடிவாங்குவதும் இதுதான். பெரிய மாதிரிக்கு எல்டிஎஸ்சியே போதும் என்பது என் கருத்து. சிறிய மாதிரி, தொடர்பு எல்லைக்கோட்டில் நிற்கிறது, கோப்பும் சுத்தமாக இருக்கிறது என்றால் ஹெச்டிஎல்.

சரி, இரண்டிலும் பூஜ்யம் வந்தால்? "பொதுவான மரபணு அடிப்படை இல்லை" என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். பிடிபிஎன்22 மரபணுவில் ஆர்620டபிள்யூ என்ற மாறுபாடு இருக்கிறது. முடக்குவாதத்துக்கும் முதல் வகை நீரிழிவுக்கும் அது அபாயத்தைக் கூட்டுகிறது, அதே அல்லீல் குரோன் நோய்க்கு எதிராகப் பாதுகாக்கிறது. இப்படி எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும் இடங்களும் ஒரே திசையில் போகும் இடங்களும் கலந்திருந்தால், சராசரியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பகிர்வு இருக்கும், எண்ணில் தெரியாது.

இந்த இடத்தில் லாவாவும் மிக்ஸரும் போட்டியாளர்கள் போலத் தெரியும், ஆனால் சொல்வது வேறு வேறு. 2022-இல் வெளியான லாவா மரபணுத்தொகுதியை 2,495 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தொடர்பைக் கணக்கிடுகிறது. ஒரு துண்டில் இரண்டு நோய்க்கும் போதிய சமிக்ஞை இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, இருந்தால்தான் மேலே போக வேண்டும். அந்த வடிகட்டலைத் தளர்த்தினால் அர்த்தமில்லாத எண்கள் குவியும். மாதிரி மேற்படிவு (இரண்டு ஆய்விலும் கலந்திருக்கும் அதே ஆட்கள்) பற்றிய தகவலை எல்டிஎஸ்சியின் வெட்டுத்துண்டிலிருந்தே எடுத்துக் கொடுப்பது வழக்கம், ஆகவே எல்டிஎஸ்சி வேலை வீணாகாது. 2019-இன் மிக்ஸரோ இடம் சொல்லாது. இரண்டு நோய்களையும் பாதிக்கும் மாறுபாடுகள் மொத்தம் எத்தனை இருக்கும், திசை எதுவாக இருந்தாலும், என்று ஒரு கலவைப் புள்ளியியல் மாடலால் மதிப்பிடுகிறது. ஸ்கிசோஃப்ரீனியாவுக்கும் கல்வித் தகுதிக்கும் ஒட்டுமொத்தத் தொடர்பு மிகக் குறைவாக இருந்தும் பகிர்வு கணிசம் என்று காட்டியது இதுதான். ஓட நேரம் பிடிக்கும், மாதிரியும் பெரிதாக வேண்டும். மாதிரி சிறிதாக இருக்கும்போது அது வரையும் வட்டப்படத்தை (பகிர்வைக் காட்டும் வென் படம்) நம்பாதீர்கள். குறைந்தபட்சப் பகிர்வு, அதிகபட்சப் பகிர்வு ஆகிய இரண்டு எளிய மாடல்களைவிட இது நன்றாகப் பொருந்துகிறதா என்று ஏஐசி மதிப்பை (மாடலின் பொருத்தத்தையும் சிக்கலையும் சேர்த்து எடைபோடும் எண்) பார்த்த பிறகே பேசுங்கள். என் தேர்வு லாவாதான். ஓர் இடத்தைக் காட்டினால் அடுத்து ஆய்வகத்தில் ஏதாவது செய்யலாம்.

லாவா ஒரு துண்டில் 0.9 காட்டினாலும் ஒரே மாறுபாடுதான் காரணம் என்று ஆகிவிடாது, பக்கத்துப் பக்கத்து இரண்டு மாறுபாடுகள் சேர்ந்தே கடத்தப்படலாம். அதைப் பிரித்துச் சொல்ல கோலாக். ஐந்து கருதுகோள்களுக்கு நிகழ்தகவு தரும். அவற்றில் ஹெச்3 என்றால் வெவ்வேறு மாறுபாடு, ஹெச்4 என்றால் ஒரே மாறுபாடு. நோயும் மரபணு வெளிப்பாடும் (ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது) ஒரே இடத்தில் சந்திக்கின்றனவா என்று பார்க்கவும் இதையேதான் ஓட்டுகிறார்கள். அந்தச் சந்திப்பு எப்படி இருக்கும் என்பதற்கு முதலாம் குரோமோசோமின் சார்ட்1 பகுதி நல்ல சாட்சி: அங்கே ஜி என்ற டிஎன்ஏ எழுத்து இருக்கும் இடத்தில் டி வந்தால் ஒரு புரதம் ஒட்டுவதற்கான இடம் புதிதாக உருவாகிறது, கல்லீரலில் சார்ட்1 வெளிப்பாடு கூடுகிறது, கெட்ட கொழுப்பு குறைகிறது, மாரடைப்பு அபாயமும் குறைகிறது. கோலாக்கின் பலவீனம், பகுதிக்கு ஒரே ஒரு காரண மாறுபாடு என்ற அனுமானம். 2021-க்குப் பிறகு, ஒரே பகுதியில் பல காரண மாறுபாடுகளைப் பிரித்தறியும் சூஸியோடு சேர்த்து ஓட்டலாம். முன்நிகழ்தகவை (தரவைப் பார்க்கும் முன்பே கருதுகோள்களுக்குக் கொடுக்கும் நிகழ்தகவு) மாற்றினால் முடிவு புரள்கிறதா என்றும் பாருங்கள், புரண்டால் அந்த முடிவைத் தலைப்பில் வைக்காதீர்கள்.

இந்தக் கருவிகள் எதுவும் தானாகத் தீர்த்துவைக்காத ஒரு சிக்கல் உண்டு. ஒரு பண்பு உள்ளவர் வேறொரு பண்பு உள்ளவரைத் துணையாகத் தேர்ந்தெடுப்பது மக்களிடையே வழக்கமாக இருந்தால், உயிரியல் பகிர்வே இல்லாமல் மரபியல் தொடர்பு ஊதிப்போகும் என்று 2022-இல் சயின்ஸ் இதழில் விரிவாகக் காட்டினார்கள். மனநோய்கள், கல்வி, உடல் எடை போன்றவற்றை ஒப்பிடுகிறீர்கள் என்றால், துணைவர்களுக்கு இடையே அந்தப் பண்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்ணைத் தேடி எடுத்து, உங்கள் அட்டவணையில் தொடர்பு மதிப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.