படம் அழகு, இணைப்புகள் பழுது: ஒரு வடிவமைப்புச் சேவை குறித்து

மண்டபம் என்னும் ஊரில் நாங்கள் நடத்தும் சிறு தங்கும் விடுதிக்கான இணையதளத்தை இராமநாதபுரத்திலுள்ள ஒரு வடிவமைப்பு நிறுவனத்திடம் செய்யக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. படங்களும் எழுத்துருவும் அழகாக அமைந்தன. குறையெல்லாம் இணைப்புகளில்தான்.

'அறைகள்' பக்கத்தின் முகவரியை இடையில் மாற்றியவர்கள், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு அனுப்பும் 301 வழிமாற்றை அமைக்கவில்லை. இதனால், தேடுபொறி வழியாகவும், முன்பு வாட்ஸ்அப்பில் நாங்கள் பகிர்ந்த சுட்டிகள் வழியாகவும் வந்தவர்கள் 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழைப்பக்கத்தைக் கண்டு திரும்பினர். எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்க்கவும் மனம் வரவில்லை. தனுஷ்கோடிக்கு வழிகாட்டும் இணைப்பில் 'இங்கே சொடுக்கவும்' என்று மட்டுமே இருந்தது. திரையிலுள்ளதை ஒலியாக வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும் பார்வையற்றவருக்கு அச்சொற்கள் எதையும் உணர்த்தா. தொலைபேசி எண்ணோ வெறும் எழுத்தாக நின்றது. 'டெல்' (tel:) என்னும் முன்னொட்டுடன் அதை இணைப்பாக்கியிருந்தால், கைப்பேசியில் தொட்டவுடன் அழைக்கும் வசதி வந்திருக்கும். எங்கள் விருந்தினரில் பெரும்பாலோர் பயணத்தின் நடுவே கைப்பேசியில் பார்ப்பவர்கள் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தோம்.

புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பின்னரும், இராமேசுவரத்துக்கு ரயில் இல்லை என்னும் பழைய அறிவிப்புக்கே எங்கள் பயணக்குறிப்புப் பக்கம் வாசகரை அனுப்பிக்கொண்டிருந்தது. இதில் எங்கள் கவனக்குறைவுக்கும் பங்குண்டு.

முறையிட்டதும் அனைத்தையும் இரண்டே நாளில் கட்டணமின்றித் திருத்தித் தந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இணைப்புச் சோதனை இன்னும் சேர்க்கப்படவில்லை. அதை எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே இவர்களிடம் பணியை ஒப்படைக்கலாம்.