கேபியா, லேர்காங்கா? ஜெர்மனியில் நர்ஸ் படிப்புக்கு அங்கீகாரம் வாங்கும் இரண்டு வழிகள்

ஜெர்மனிக்கு வரும் நம் ஊர் நர்ஸ்களில் பெரும்பாலோருக்கு விசாவுக்கு முன்பே ஒரு கடிதம் வந்துவிடும். நம் பாடத்திட்டத்தை அவர்களுடையதோடு ஒப்பிட்டு, எந்தப் பிரிவில் எவ்வளவு குறைகிறது என்று எழுதியிருப்பார்கள். டெஃபிசிட்பெஷைட் என்று பெயர். ஏஜென்சி அதை விசா கோப்பில் செருகிவிடுவதால் பலர் முழுதாகப் படிப்பதே இல்லை. ஆனால் அடுத்த ஓராண்டு நமக்கு எப்படிப் போகும் என்பது அதில்தான் இருக்கிறது.

குறையை ஈடுகட்ட இரண்டு வழிகள். ஒன்று கென்ட்னிஸ்ப்ரூஃபுங் என்ற தேர்வு. எல்லோரும் கேபி என்றுதான் சொல்வார்கள். மற்றது அன்பாசுங்ஸ்லேர்காங், அதாவது வேலை செய்துகொண்டே விடுபட்ட மணி நேரங்களை முடிக்கும் பயிற்சி. எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் நமக்கே தருகிறது. நான் கேபி எழுதினேன். ஒரே விமானத்தில் என்னோடு வந்த நாகர்கோவில் தோழி லேர்காங் போனாள். இருவருமே பி.எஸ்சி. நர்சிங், இருவருக்கும் ஏறக்குறைய ஒரே குறைப்பட்டியல்.

நான்கு வருடம் படித்தவர்களுக்கு என்ன குறை என்று ஊரில் கேட்கிறார்கள். 2020 ஜனவரியில் இங்கே புதுச் சட்டம் வந்தது. பொது நோயாளி, குழந்தைகள், முதியோர் என்று தனித்தனியாக இருந்த மூன்று படிப்புகளை ஒன்றாக்கி, 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் களப்பணி என்று வைத்தார்கள். நம் படிப்பில் பிரசவம், குழந்தைகள், மனநலம், சமூக நலம் எல்லாம் உண்டு. முதியோர் இல்லத்தில் நீண்டகாலப் பராமரிப்பு என்பது அநேகமாக இல்லை. பெரும்பாலும் அங்கேதான் இடிக்கிறது.

கேபியில் இரண்டு பகுதிகள். வாய்மொழித் தேர்வு 45 முதல் 60 நிமிடம். செய்முறைத் தேர்வில் இரண்டு முதல் நான்கு நோயாளிச் சூழல்கள். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 120 நிமிடம். தவறினால் மறுவாய்ப்பு ஒரே ஒரு முறைதான்.

எனக்குச் செய்முறையில் வந்தவர் பக்கவாதத்தால் வலப்பக்கம் பலவீனமான எண்பது கடந்த பெரியவர். ஜன்னலை மூடினேன், கட்டிலை என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினேன், முகம் துடைக்கலாமா என்று அனுமதி கேட்டேன். பிறகு ஈரத்துணியால் நானே பளிச்சென்று துடைத்துவிட்டேன். முடிந்ததும் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "அவருடைய இடது கை நன்றாக வேலை செய்கிறதே, முகத்தை நீங்கள் ஏன் துடைத்தீர்கள்?" மதுரையில் ஐ.சி.யூ.வில் நான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். ஊசி குத்த நரம்பு கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இங்கே அந்த வேலை பெரும்பாலும் டாக்டருடையது. அங்கே மகளோ மருமகளோ செய்த குளிப்பாட்டலும் ஊட்டலும் இங்கே நர்ஸ் வேலை. அதிலும் நோயாளியால் முடிந்ததை அவரையே செய்யவிடுவதுதான் திறமை. கேபியில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவ அறிவு குறைந்தவர்கள் அல்லர். செய்வதைச் செய்துகொண்டே ஏன் செய்கிறோம் என்று ஜெர்மனில் சொல்லத் தெரியாதவர்கள். நான் அந்தக் கேள்விக்கு நேர்மையாகத் தவறை ஒப்புக்கொண்டு, மறுபடி எப்படிச் செய்வேன் என்று விளக்கினேன். தேறிவிட்டேன். வந்திறங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது.

லேர்காங்கைப் பற்றி ஊரில் ஒரு வதந்தி உண்டு: தேர்வே கிடையாது, நாளைக் கடத்தினால் போதும் என்று. பாதிதான் உண்மை. கேபி போன்ற தேர்வு இல்லை, ஆனால் முடிவில் கற்றதைச் சோதிக்கும் ஓர் உரையாடல் உண்டு. அதில் தேறாவிட்டால் பயிற்சியை ஒரு முறை நீட்டிக்கலாம். தேர்வு பயம் உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியலில் உள்ள மணி நேரத்தை நம் வார்டிலேயே முடித்துவிட முடியாது. முதியோர் இல்லம், வீடு தேடிப் போகும் பராமரிப்புச் சேவை என்று வேறு நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டியவர் ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் வார்டு தலைமை நர்ஸ். தோழிக்கு ஆறு மாதம் என்று திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். முதியோர் இல்லத்தில் மூன்றாவது வாரம், வார்டில் இரண்டு நர்ஸ்களுக்குக் காய்ச்சல், திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அது போல இன்னும் இரண்டு முறை. மொத்தம் பதினான்கு மாதம் ஆனது. அவள் வைத்திருந்த தங்கும் அனுமதி முதலில் 24 மாதத்துக்குத்தான், நீட்டித்தாலும் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது என்பதால் அந்த நாட்களில் நாட்காட்டியைப் பார்த்தே தூக்கம் கெட்டது அவளுக்கு.

அந்தப் பதினான்கு மாதத்தில் அவள் கற்றது எனக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காலை ஆறரைக்கு முதல் வீடு, இறுக்கமான காலுறையைக் கிழவியின் வீங்கிய காலில் மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட்டம். எவ்வளவு உதவி தேவை என்பதைப் பொறுத்து இங்கே ஐந்து பராமரிப்புத் தரங்கள் உண்டு; நோயாளி எதில் இருக்கிறார், எதற்கு என்ன உதவி கிடைக்கும் என்பதை உறவினர்களுக்கு அவள் சரளமாகச் சொல்வாள். நான் கேபி தேறிய பிறகும் அதற்கு அவளைத்தான் கேட்டேன்.

இனி பணம். ஊர்குண்டே, அதாவது தொழில் உரிமப் பத்திரம், கையில் வரும்வரை இரண்டு வழியிலும் பெரும்பாலும் உதவியாளர் சம்பளம்தான். 2025 ஜூலை 1 நிலவரப்படி முதியோர் பராமரிப்பில் குறைந்தபட்ச ஊதியம் உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, தகுதி பெற்ற நர்ஸுக்கு 20.50. வித்தியாசம் 4.40. மாதம் 165 மணி நேரம் என்று வைத்தால் வரிக்கு முன் 726 யூரோ. எட்டு மாதம் தள்ளிப்போனால் 5,800க்கு மேல். மருத்துவமனைகளில் ஊதிய ஒப்பந்தம் வேறு. அங்கும் இப்படி ஓர் இடைவெளி உண்டு.

2024 முதல், பாடத்திட்ட ஒப்பீடே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நேராகத் தேர்வுக்கோ பயிற்சிக்கோ போகவும் வழி இருக்கிறது. கல்லூரியில் மணி நேர விவரத்தோடு சான்றிதழ் வாங்க நான் நான்கு மாதம் அலைந்தேன். எனக்கு இது அன்று தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். லேர்காங் போக நினைப்பவர் மட்டும் அவசரப்பட வேண்டாம். ஒப்பீட்டில் குறை கொஞ்சம்தான் என்று வந்தால் பயிற்சி சுருங்கும். அந்த லாபத்தை வீணாகக் கைவிடக் கூடாது. மூன்று வருடப் படிப்பை இங்கே முதலிலிருந்து படிக்கலாமே என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ஏற்கெனவே நர்ஸாக இருப்பவருக்கு அது தேவையே இல்லை.

என் கணிப்பு இதுதான். எந்த வழியில் போனாலும் உரிமம் வாங்க பி2 நிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழ் வேண்டும். ஆனால் சான்றிதழுக்கு அப்பால் நோயாளியோடு தயங்காமல் பேசுகிறவர் கேபிக்குப் போகலாம், அதுவும் நிறுவனம் தயாரிப்பு வகுப்புக்கு நேரம் ஒதுக்கினால். பட்டியலில் ஒன்றிரண்டு பிரிவுதான் குறைவு, அனுப்பிவைக்கும் இடங்கள் பெயரோடு முடிவாகிவிட்டன என்றால் லேர்காங்கும் நல்லதே. இடம் முடிவாகாத லேர்காங்கில் மட்டும் நான் கால் வைக்கமாட்டேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள். தேர்வுத் தேதிக்கு யார் விண்ணப்பிப்பது? வெளியிடப் பயிற்சி நாட்களில் வார்டுக்குத் திரும்ப அழைப்பார்களா? வகுப்புக் கட்டணத்தை எத்தனை வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு என் ஒப்பந்தத்தில் பதில் பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. நான் அதைப் படித்தது கேபி முடிந்த பிறகு.