பிரேடியா, மேனிங்கா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் யார் பெரியவர் என்ற கேள்வி இது. சூப்பர் பௌல் (சீசனின் இறுதிப் போட்டி) கோப்பையை மட்டும் எண்ணினால் டாம் பிரேடிக்கு 7, பெய்ட்டன் மேனிங்குக்கு 2. ஆனால் ஆட்டத்தைப் படிக்கும் மூளை என்று வந்தால் என் ஓட்டு மேனிங்குக்குத்தான். பந்து கைக்கு வருமுன்பே எதிரணியின் தடுப்பாளர்கள் நிற்கும் விதத்தைப் பார்த்து, கையை ஆட்டி, ஏதேதோ கத்தி, அங்கேயே திட்டத்தை மாற்றிவிடுவார். 2013 சீசனில் டென்வர் அணிக்காக 55 டச்டவுன் பாஸ் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் வீச்சு)! அவர் ஆடிய 4 சூப்பர் பௌல்களிலும் தலைமைப் பயிற்சியாளர் வேறு வேறு ஆள்.

பிரேடிக்கோ நியூ இங்கிலாந்து அணியில் 20 சீசனும் ஒரே தலைமைப் பயிற்சியாளர், பில் பெலிசிக்தான். தடுப்பாட்டம் வகுப்பதில் கில்லாடி அவர். 'பெலிசிக் இல்லாவிட்டால் பிரேடி இல்லை' என்று நானும் பேசியதுண்டு. ஆனால் 2020 சீசனில் டாம்பா பே அணிக்குப் போய், 43 வயதில் கோப்பையைத் தூக்கினார் மனுஷன். அதே சீசனில் பெலிசிக்கின் அணிக்கு 7 வெற்றி, 9 தோல்வி.

அப்புறம் நெருக்கடி நேரம். 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் அட்லாண்டா அணியிடம் 3-28 என்று பின்தங்கியும் 34-28 என்று ஜெயித்தார் பிரேடி. கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் வேண்டுமென்றால் யோசிக்காமல் அவரைத்தான் கூப்பிடுவேன். மேனிங்கின் இரண்டாவது கோப்பையைப் பெரும்பாலும் டென்வரின் தடுப்பணிதான் வாங்கித் தந்தது.