மலைச் சரிவில் மரச்சட்டமில்லாத சேணம்: சிக்கல் வார் வளையத்தில்

குதிரை வைத்திருப்பவர்களிடையே மரச்சட்டமில்லாத சேணம் பற்றிய பேச்சு அண்மைக் காலமாக அதிகம் கேட்கிறது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் மண் பாதைகளிலும், சேலத்தில் அடிவாரத்தை ஒட்டிய சமநிலத்திலும் அத்தகைய சேணம் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வாங்க நினைப்பவர்கள், சேணத்தைக் குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் வயிற்றுவாரை மாட்டும் வளையம் எந்த இடத்தில் தைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சேணத்தின் நிறைகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. எடை 4 கிலோவைச் சற்றே தாண்டுகிறது. மரச்சட்டம் வைத்த சாதாரணச் சேணம் ஏறக்குறைய இதைப் போல இருமடங்கு கனக்கும். ஒரு கையில் தூக்கிக் குதிரையின் முதுகில் போட்டுவிடலாம். தோல் மென்மையாக இருக்கிறது, தையல் நெருக்கமாக விழுந்திருக்கிறது, குதிரையின் அசைவு தொடையில் நன்றாகவே தெரிகிறது. சமநிலத்தில் நடையிலும் மெல்லோட்டத்திலும் எந்தத் தொல்லையும் வரவில்லை.

ஏற்றத்திலும் இறக்கத்திலும்தான் அதன் உண்மையான குணம் வெளிப்பட்டது. வயிற்றுவாரை நாம் எங்கே கட்டினாலும், குதிரை சிறிது தூரம் நடந்ததும் அது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் விலாக்கூடு குறுகும் இடத்துக்குத் தானாகவே போய்ச் சேரும். இந்தச் சேணத்திலோ, பக்கத்துக்கு ஒன்றாகத் தைத்திருக்கும் வளையம் அந்த இடத்துக்கு நான்கு விரற்கடை பின்னால் இருக்கிறது. அதனால் வார் முன்னோக்கி நகரும்போதெல்லாம் சேணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. மரச்சட்டம் உள்ள சேணமானால், சட்டத்தின் முன்வளைவு, கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் எழும்பியிருக்கும் தோள்மேட்டின் இருபுறமும் பிடித்துக்கொண்டு ஓரளவு தடுக்கும். இதில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய என் மட்டக்குதிரை உருண்டையான முதுகும் தாழ்ந்த தோள்மேடும் கொண்டது. நீண்ட இறக்கம் ஒன்று முடிவதற்குள் சேணத்தின் முன்விளிம்பு தோள்பட்டை எலும்பின் மேல் ஏறிவிட்டது, குதிரையின் காலடி வீச்சும் குறுகிப்போனது. கூட வந்த குதிரைக்காரர், "சேணம் எடப்பக்கம் சாயுதுங்க, எறங்கிருங்க" என்று சொன்னபோது, கால் ஊன்றும் அங்கவடி ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்து தொங்கியது.

விற்ற கடைக்காரர் வாரை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னார். அந்த அறிவுரையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வகைச் சேணத்தில் வளையத்தைத் தாங்கும் நைலான் பட்டை இருக்கைக்கு அடியில் முதுகின் குறுக்காக ஓடுகிறது. இறுக்க இறுக்க அது இருபக்கத்து ஃபோம் மெத்தைகளையும் நடுவை நோக்கி இழுத்து, முதுகெலும்புக்கு மேலே திறந்திருக்க வேண்டிய வழியை அடைத்துவிடுகிறது. வாரைத் தளர்வாக விட்டிருந்தபோது அந்த இடைவெளியில் மூன்று விரல்களை நுழைக்க முடிந்தது. இறுக்கிக் கட்டி ஆளும் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு விரல்கூட நுழையவில்லை. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியபோது, காய்ந்திருக்க வேண்டிய முதுகெலும்புக் கோடு வியர்வையில் நனைந்து, மயிர் எதிர்ப்பக்கம் புரண்டு கிடந்தது. அங்கவடி வார் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரமே இல்லாத ஒரு திட்டு இருந்தது. வியர்வை வராத அளவுக்கு அழுத்தம் விழுந்த இடம் அது. இதைக் கவனிக்காமல் தொடர்ந்து ஓட்டினால் முதலில் புண் வரும், ஆறிய பிறகு அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். வாயில்லாத உயிர் காது மடக்கியும் வால் உதறியும் சொல்வதைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது.

நடுவில் வழிவிட்டு இருபக்கமும் கெட்டியான ஃபோம் பலகை செருகும் கம்பளி மெத்தையைச் சேணத்தின் அடியில் போட்டதும் முதுகெலும்பின் மேல் இருந்த அழுத்தம் நீங்கியது. இந்த மெத்தை இல்லாமல் இந்தச் சேணத்தைக் குதிரை மேல் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கடையில் அதைத் தனியாக, தனி விலைக்கு விற்கிறார்கள்; வாங்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வளையத்தைச் சேலத்தில் தோல்பை தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டேன். முன்பகுதியிலிருந்து ஒன்றும் பின்பகுதியிலிருந்து ஒன்றுமாக இரண்டு பட்டைகள் இறங்கி ஒரே வளையத்தில் சேரும்படி அவர் தைத்துக் கொடுத்தார். முன்பட்டையைக் குறைத்துப் பின்பட்டையை நீட்டியதும் வளையம் வார் நிற்க விரும்பும் இடத்துக்கு நேராக வந்துவிட்டது. இப்போது இறுக்கம் குறைவாகவே போதுகிறது. இருந்தும், ஏற்றத்தில் சேணம் பின்னால் நழுவாமலிருக்க மார்பின் குறுக்கே கட்டும் மார்ப்பட்டையும், இறக்கத்தில் முன்னால் நழுவாமலிருக்க வாலடியில் மாட்டும் வால்வாரும் தேவைப்படுகின்றன. வால்வாருக்குக் குதிரையைச் சமநிலத்தில் மெதுவாகப் பழக்கிய பிறகே மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தோள்மேடு நன்றாக எழும்பிய குதிரையை வைத்துக்கொண்டு சமநிலத்தில் மட்டும் ஓட்டுபவர்கள், மெத்தையையும் சேர்த்து வாங்குவதானால் இந்தச் சேணத்தைத் தாராளமாக வாங்கலாம். உருண்டை முதுகுள்ள மட்டக்குதிரை வைத்திருப்பவர்களும் கனமான உடம்புக்காரர்களும் இப்போதுள்ள வடிவத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது. யார் வாங்கினாலும் தரையில் நின்று அங்கவடியில் காலூன்றி ஏறாமல், கல் அல்லது திட்டின் மேல் நின்று ஏறுங்கள். தரையிலிருந்து ஏறும் ஒவ்வொரு முறையும் சேணம் முதுகின் மேல் முறுக்கிக்கொள்கிறது.