பனியில் இடிபட்ட காரும் என் காப்புறுதிக் கம்பனியும்

ஜனவரியில் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோ மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, பின்னால் வந்த கார் ஐஸில் வழுக்கி வந்து இடித்தது. காயம் ஒருவருக்கும் இல்லை, டிக்கிதான் உள்ளே போய்விட்டது. கம்பனியின் பெயரை விடுவோம், சேவையை மட்டும் சொல்கிறேன்.

அன்றிரவு அவர்கள் கதைத்த விதத்தில் குறையே இல்லை. போனை எடுத்த பெண் பொலிசி இலக்கம் கேட்பதற்கு முன்பே காயம் உண்டா, பாதுகாப்பான இடத்தில் நிற்கிறீர்களா என்றுதான் கேட்டார். கூப்பிடாமலே வந்து நின்ற ரோ ட்ரக்காரர் (பழுதான காரை இழுத்துப் போகிறவர்) நீட்டும் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், நாங்களே ஒரு ட்ரக்கை அனுப்புகிறோம் என்றார், சொன்னபடி வந்தது. சேதம் மொத்தம் 5,000 டொலரைத் தாண்டும்போல இருந்ததால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது (2025க்கு முன் இந்த எல்லை 2,000), அதையும் அவரே விளங்கப்படுத்தினார்.

இடித்தவர் பாவம், ஐஸுக்கு யார் என்ன செய்வது என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்ராறியோவில் யார் பிழை என்று தீர்மானிக்கும் விதிகள் காலநிலையைப் பார்ப்பதில்லை, பின்னால் வந்து இடித்தவருக்குத்தான் 100 வீதமும். திருத்தும் காசை டிசிபிடி (DCPD, பிழை மற்றவருடையது என்றால் நம் காரின் சேதத்துக்கானது) என்ற பிரிவில் நம் கம்பனியே நமக்குத் தர வேண்டும். (2024இலிருந்து இந்தப் பிரிவை வேண்டாம் என்று விட்டு பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். தயவுசெய்து வேண்டாம், பிறகு எவன் வந்து இடித்தாலும் திருத்துவது உங்கள் சொந்தக் காசில்தான்.)

சிக்கல் அட்ஜஸ்ரரோடு, அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையைக் கையாளும் கம்பனி ஆளோடு, தொடங்கியது. வாடகைக் கார் கேட்டால், உங்கள் பொலிசியில் ஓபிசிஎஃப் 20 (OPCF 20, வாடகைக் காருக்கான மேலதிகப் பிரிவு) இல்லை, கிடைக்காது என்றார். அது நம் பிழையால் இடிபட்டால் தேவைப்படுவது, பிழை மற்றவருடையது என்றால் டிசிபிடியிலேயே வாடகைக் காரும் அடங்கும். இதை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன், மன்னிப்பும் இல்லை விளக்கமும் இல்லை, "அனுமதிக்கப்பட்டது" என்று ஒற்றை வரி வந்தது. பிள்ளையின் கார் சீட்டும் இதே கதைதான். கேட்கும்வரை வாயே திறக்கவில்லை, கேட்டதும் மறுபடி யாரும் பாவிக்காதபடி பட்டியை வெட்டிப் படம் அனுப்புங்கள், புதுசுக்குக் காசு தருகிறோம் என்கிறார்கள். கத்தரிக்கோலால் அந்தத் தடித்த பட்டியை வெட்டி முடிப்பதற்குள் கை நொந்துவிட்டது.

கராஜ் விஷயத்திலும் தங்கள் பட்டியலில் உள்ளதற்கே போகச் சொல்லி நெருக்கினார்கள். தெரிவு செய்யும் உரிமை நமக்கு இருக்கிறது, நான் தெரிந்த இடத்தில்தான் விட்டேன். வேலை சுத்தம், காசும் இழுபடாமல் நேரே கராஜுக்குப் போனது.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். இரவில் போன் எடுப்பவர்களுக்கு ஐந்தே கொடுக்கலாம், அட்ஜஸ்ரருக்கு ஒன்று. நம் பிழையில்லாத விபத்துக்காக பிரீமியத்தை ஏற்ற முடியாது, ஏற்றவும் இல்லை. ஆனாலும் புதுப்பிக்கும் நேரத்தில் புரோக்கரிடம் வேறு கம்பனிகளின் விலையும் கேட்டு வைத்திருக்கிறேன்.