தரை மூன்று, கூரை ஒன்று: வேலூர் இன்டோர் அரங்கில் 20 வருடம்

ஷட்டில் ஆடப் போகிறேன் என்றால் வீட்டில், "இந்த வெயில்லயா?" என்பார்கள். உள்ளேதானே ஆடுகிறோம் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். பிரச்சினையே உள்ளேதான் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

2004-லிருந்து போய் வருகிறேன். குறைகள் நிறைய வரப்போவதால் அரங்கத்தின் பெயர் வேண்டாம். நான் சேர்ந்தபோது சிமென்ட் தரை, மஞ்சள் பெயின்ட் கோடு, தலைக்கு மேலே தகர ஷீட். ஆபீஸ் அறையில் ஒரு இரும்பு பீரோ, அதன் கதவில் 'வ.ஆ.அ. மாவட்டம்' என்று வெள்ளை எழுத்து. 1989-ல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையைப் பிரித்தபோது மிச்சப் பகுதிக்கு வைத்த பெயர் அது, வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போய்விட்டன. பீரோ அசையவில்லை. நெட், பழைய பேட், யாரோ விட்டுப்போன ஒற்றை ஷூ எல்லாம் இன்னும் அதற்குள்தான்.

பிரிவினை ஆட்டத்தையும் தொட்டது. முன்பெல்லாம் மாவட்டப் போட்டி என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு பையன்கள் பஸ் பிடித்து வந்து எங்களை மொத்திவிட்டுப் போவார்கள். இப்போது அவர்களுக்கு வேறு மாவட்டம், வேறு போட்டி. ஜெயிப்பது சுலபமாகிவிட்டது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை.

சேர்ந்த இரண்டாம் வருடம், 2006-ல், ஸ்கோர் முறை மாறியது. அதுவரை 15 பாயின்ட், சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயின்ட். மாறிய பிறகு 21, சர்வீஸ் யார் போட்டாலும் ரேலியை, அதாவது ஷட்டில் கீழே விழும்வரை மாறி மாறி அடிப்பதை, யார் ஜெயித்தாலும் பாயின்ட். காலையில் வரும் பெரியவர்கள் ஆறு மாதம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "சர்வீஸ் இல்லாம பாயின்டா? இலவசமா குடுக்கறீங்களா?" என்று ஒரு பாய் ஒவ்வொரு செட்டிலும் கேட்பார். ஆனால் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் எங்களுக்கு அது வரமாக அமைந்தது. ஒரு செட் எப்போது முடியும் என்று கணக்குப் போட முடிந்தது.

தரைக் கதைக்கு வருகிறேன். சிமென்ட் முழங்காலைத் தின்றது. என் வலது முழங்கால் இன்றைக்கும் சாட்சி. பிறகு மரத்தரை வந்தது. பலகைக்கு அடியில் காற்று இடைவெளி விட்டிருந்ததால் குதித்து இறங்கினால் லேசாகத் தாங்கிக்கொள்ளும். அதில் ஆடிய வருடங்கள்தான் பொற்காலம் என்பேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அந்த மழையில் கூரை வழியாக இறங்கிய தண்ணீர் பலகைக்கு அடியில் தேங்கி, ஓரங்கள் அப்பளம் மாதிரி நிமிர்ந்துகொண்டன. இப்போது பச்சை சின்தெடிக் மேட். பிடிப்பு நன்றாக இருக்கிறது, ரப்பர் அடி வைத்த கம் சோல் ஷூ கட்டாயம்.

இத்தனைக்கும் நடுவில் கூரைக்கு ஒரு ஓட்டை அடைப்பைத் தவிர எதுவும் நடக்கவில்லை. தரை போட்டால் ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். ஷீட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தகடு அடித்தால் யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?

அக்னி நட்சத்திரத்தில் மதியம் மூன்று மணிக்கு உள்ளே போய்ப் பாருங்கள், தெரியும். ஃபேனும் போட முடியாது, காற்றில் ஷட்டில் விலகும். ஷட்டில் என்பது சுமார் 5 கிராம் எடை, 16 இறகு, அவ்வளவுதான். சூடான காற்று லேசாக இருப்பதால் ஷட்டில் இன்னும் வேகம் பிடிக்கும். நிதானமாக உயரத் தூக்கி அடித்த டாஸ்கூட பின்கோட்டைத் தாண்டிப் போய் விழும். அதனால் கோடையில் வேகம் குறைந்த 76 நம்பர் வாங்குவோம், மார்கழியில் 77. வறட்சியில் இறகு முறுமுறுவென்று காய்ந்து இரண்டு ஸ்மாஷிலேயே ஒடிந்துவிடும். ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு இட்லிப் பானை ஆவியில் டியூபைத் திறந்து சில வினாடிகள் காட்டி, மூடி வைப்பேன். இறகு கொஞ்சம் ஈரம் பிடித்து அடி தாங்கும். "மாவு ஊத்தாமலே இட்லி வேகுதா?" என்று வீட்டம்மா கேட்டதுண்டு.

விளக்கும் அப்படித்தான். முன்பு மெட்டல் ஹாலைடு. 2012 மின்வெட்டுக் காலத்தில் கரன்ட் ஒரு நொடி போய் வந்தாலும் பல்பு சூடாறி மறுபடி எரிய பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இருட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். இப்போது எல்இடி, உடனே எரிகிறது. ஆனால் கோர்ட்டுக்குப் பக்கவாட்டில் மாட்ட வேண்டியதை நேர் மேலே மாட்டிவிட்டார்கள். உயரே வரும் லாப் ஷாட்டைப் பார்த்து நிமிர்ந்தால் கண்ணில் வெள்ளைப் பொட்டு.

பக்கத்து அறையில் பளு தூக்குகிறார்கள். கம்பி கீழே விழும் 'தொம்' சத்தத்தில் புதிதாக வந்தவர்கள் சர்வீஸைக் கோட்டை விடுவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. எங்கள் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார், 2018-ல் கோல்டுகோஸ்டில் இன்னொரு தங்கம். அதிலிருந்து அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை.

சரி, புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு: சேரலாம். காலை ஐந்தரையிலிருந்து எட்டுக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் ஷீட் சுட ஆரம்பித்துவிடும். தண்ணீர் கையோடு கொண்டு வாருங்கள். மூன்றாம் கோர்ட் மேலே இரும்பு உத்தரம் தாழ்வு. ஷட்டில் அதில் பட்டால் இங்கே லெட், அதாவது பாயின்ட் யாருக்கும் இல்லை, மறுபடி சர்வீஸ்; வெளியூர்ப் போட்டியில் போய் அப்படிக் கேட்காதீர்கள். மழை நாளில் அதே கோர்ட்டில் நெட்டுக்கு இடப்பக்கம் வாட்ச்மேன் அண்ணன் ஒரு நீல பக்கெட் வைப்பார். ஆட்டம் நிற்காது. பக்கெட்டுக்குள் விழுந்தாலும் லெட்தான்.